கவிழ்ந்த பூவும் கத்தரிக்கோலும்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஜூனில் ரோஜாவும் பியோனியும் செடி தாங்காமல் பூத்துக் கிடக்கும்போது கை நிறைய வெட்டி வந்து வீடெங்கும் வைப்பார்கள். பிப்ரவரியில் ஈர மண்ணிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூ எட்டிப் பார்க்கும்போது கத்தரிக்கோலைத் தொடத் தயங்குவார்கள். இந்தக் குளிரில் பூத்ததே பெரிய காரியம், இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர்கள் நியாயம். நிறைய இருக்கும்போது எடு, குறைவாக இருக்கும்போது கைவைக்காதே என்பது அரிசிப் பானைக்குப் பொருந்தும் கணக்கு. பூவுக்கு அது பொருந்தாது. வெட்டி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியது, நம் கணக்கில் மாசியும் பங்குனியுமான பின்பனிக் காலத்துப் பூதான். கோடைப் பூவைத் தோட்டத்திலேயே விட்டுவைக்கலாம். இப்படிச் சொன்னதுமே எழக்கூடிய மறுப்புகள் பல. அவற்றில் சில வலுவானவை. ஒன்றிரண்டுக்குப் பாதி வழிவிட்டே தீர வேண்டும். ஆனால் வாதத்தின் அடிப்படை எளிது. ஒரு பூவை எங்கே வைத்தால் நன்றாகப் பார்க்கலாம் என்பது பார்க்கிறவரையும் பூவையும் பருவத்தையும் பொறுத்தது. அந்த நாட்டுப் பிப்ரவரியில் இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

முதலில் பார்க்கிறவரை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரித் தொடக்கத்தில் லண்டனில் காலை ஏழரைக்கு மேல்தான் சூரியன் எழும். மாலை ஐந்துக்குள் மறைந்துவிடும். வேலைக்குப் போகிறவர் தம் தோட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறில்தான். அன்றும் பெரும்பாலும் தூறல். பகல் வெப்பமே எட்டு, ஒன்பது டிகிரி செல்சியஸைச் சுற்றித்தான் இருக்கும். புல்தரை சொதசொதவென்று கிடக்கும். மிதித்தால் மண் இறுகும் என்பதால் விவரம் தெரிந்த தோட்டக்காரர்களே அதில் கால்வைக்க யோசிப்பார்கள். ஆக, சமையலறைச் சன்னலுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்று, சுவரோரம் வெள்ளையாகத் தெரியும் திட்டைப் பார்த்து, ஸ்னோடிராப் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதோடு பலருக்கு முன்வசந்தம் முடிந்துவிடுகிறது. ஜூன் மாதக் கதை வேறு. இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம் நிற்கும். நாற்காலியை வெளியே போட்டுச் சாப்பிடலாம், படிக்கலாம், கண்ணயரலாம். மனிதர்கள் பூவின் பக்கத்திலேயே குடியிருக்கும் காலம் அது. அப்போது பூவை வெட்டி உள்ளே வைத்தால், ஆட்கள் எல்லாம் தோட்டத்தில் இருக்க, பூ மட்டும் வெறும் வீட்டில் கிடக்கும்.

அடுத்து, பூ. முன்வசந்தத்தில் மலர்பவற்றில் பல, நிமிர்ந்து நிற்கும் மனிதரின் கண்ணுக்கு ஏற்ப அமைந்தவை அல்ல. ஸ்னோடிராப் மண்ணுக்கு மேலே நான்கைந்து அங்குலம்தான் எழும். எழுந்ததும் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். மகரந்தம் மழையிலும் பனியிலும் நனையாதிருக்க அந்தக் கவிழ்ப்பே காப்பு. வெளியே மூன்று வெள்ளை இதழ்கள். அவற்றுக்குள் குட்டையாக இன்னும் மூன்று. உள்ளிதழ் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு பிளவும் அதை ஒட்டி வளைந்த பச்சைக் குறியும் இருக்கும். நூற்றுக்கணக்கான ஸ்னோடிராப் வகைகளை வல்லுநர்கள் பிரித்தறிவதில் இந்தக் குறியின் வடிவுக்கும் நிறத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இப்படிப்பட்ட நுண்ணிய வேறுபாடுகளுக்கு அவர்கள் கொடுக்கும் விலை சாதாரணமானதல்ல: 2015இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' என்ற வகையின் ஒரே ஒரு கிழங்கு இணைய ஏலத்தில் 1,390 பவுண்டுக்குப் போனது. அவ்வளவு பணம் கொடுத்தவரும் தம் பூவைப் பார்க்க ஈரத்தில் முழங்காலிட்டு, விரலால் அதன் தலையை நிமிர்த்த வேண்டும். தவக்காலத்தை ஒட்டிப் பூப்பதால் தவக்கால ரோஜா என்று பெயர் பெற்ற ஹெல்லிபோரும் இப்படித்தான். ரோஜாவுக்கும் அதற்கும் உறவு கிடையாது. அதில் இதழ் என்று நாம் நினைப்பவை புல்லிகள். உண்மையான அல்லிகள் சுருங்கிப் பச்சைக் குழல்களாகி, மகரந்தத் தாள்களைச் சுற்றி வட்டமாகத் தேன் வைத்துக்கொண்டு நிற்கின்றன. உள்பக்கம் முழுக்கச் செம்புள்ளிகள். தோட்டத்தில் நடந்து போகிறவருக்குத் தெரிவது மங்கிய ஊதா முதுகு மட்டுமே. தலை நிமிர்ந்த ஹெல்லிபோரை உருவாக்கக் கலப்பினம் செய்பவர்கள் பல காலமாக முயன்று ஓரளவு வெற்றியும் கண்டிருக்கிறார்கள். அந்த முயற்சியே, செடியில் இருக்கும் பூவை மனிதர் பார்க்க முடியவில்லை என்பதற்கான ஒப்புதல்.

பருவம் மூன்றாவது தடை. ஸ்னோடிராப், குரோக்கஸ், டூலிப் மூன்றும் வெப்பத்துக்கு ஏற்பத் திறந்து மூடும் பூக்கள். சூடு ஏறினால் இதழின் உட்புறத் திசு வேகமாக வளர்ந்து பூ விரிகிறது; குளிர்ந்தால் வெளிப்புறத் திசு முந்திக்கொண்டு பூ மூடுகிறது. குரோக்கஸ் ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றத்தைக்கூட உணர்ந்து அசையும் என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1870களிலேயே ஆராய்ந்து காட்டினார். ஸ்னோடிராப் நன்றாக விரிய ஏறத்தாழ பத்து டிகிரி வேண்டும். அந்தப் பத்து டிகிரியைத் தொடாத நாட்கள் பிப்ரவரியில் வரிசையாக வரும். அப்போதெல்லாம் பூ மூடிய வெள்ளைச் சொட்டாகவே தொங்கும். நான்கைந்து தண்டுகளை வெட்டிப் பழைய மருந்துச் சீசா ஒன்றில் வைத்து, உட்கார்ந்தால் கண்ணுக்குச் சற்று மேலே வரும்படி அலமாரித் தட்டில் நிறுத்திப் பாருங்கள். அறைச் சூட்டில் சிறிது நேரத்திலேயே வெளியிதழ்கள் மூன்றும் தண்டிலிருந்து விலகிக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக நீளும். உள்ளே பச்சைக் குறியும், அதற்கும் உள்ளே கூம்பாகக் குவிந்த மஞ்சள் மகரந்தப் பைகளும் தெரியவரும். இன்னும் சற்றுப் பொறுத்தால் தேன் வாசம் வரும். 'எஸ். ஆர்னட்' போன்ற வகைகளில் அது நன்றாகவே தெரியும். மணம் ஆவியாகப் பரவச் சூடு வேண்டும். வெளியே உறைபனிக் காலையில் மூக்குக்கு எட்டாத அதே மணம், அறைக்குள் ஒரே கொத்திலிருந்து கிளம்பும். சார்கோகோக்கா, விண்டர்ஸ்வீட், குளிர்கால ஹனிசக்கிள் ஆகிய புதர்களின் ஒற்றைச் சுள்ளி மணத்துக்கு ஓர் அறையே போதாது.

வெட்டிய பிறகும் பூ தன் வேலையைத் தொடரும் என்பதற்குக் கிளைகள் இன்னும் நல்ல சான்று. ஃபோர்சித்தியாவின் பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே கிளையில் உருவாகிவிடுகின்றன. பல வாரக் குளிரைக் கடந்தால்தான் அவற்றின் உறக்கம் கலையும். கலைந்த பின் அவற்றுக்குத் தேவை வெப்பம் மட்டுமே. ஜனவரி இறுதியில் வெட்டித் தண்ணீரில் நிறுத்திய கிளை, தோட்டத்துக் கிளைக்குப் பல வாரம் முன்னதாக, இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகப் பொலியும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் டிசம்பர் 4ஆம் தேதி, புனித பார்பரா நாளில், செர்ரிக் கிளையை வெட்டி வீட்டுக்குள் வைத்துக் கிறிஸ்துமஸுக்குப் பூக்கவைக்கும் வழக்கம் இருக்கிறது. மரத்தின் உறக்கத்தைப் பற்றி அறிவியல் எழுதும் முன்பே அந்த மக்களுக்கு அது அனுபவத்தில் தெரிந்திருந்தது. அல்ஜீரிய ஐரிஸ் இதைவிட வேடிக்கையானது. சூடான சுவரடியில், தன் இலைக் குப்பைக்குள்ளேயே தரையோடு பூக்கும்; தோட்டத்தில் விட்டால் முதலில் கண்டுபிடிப்பது நத்தைதான். இறுகச் சுருண்ட மொட்டாக அதை உருவி வந்து குவளையில் வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருள் பிரிந்து நீல ஊதாவாக விரியும். இந்த இன்பம் தமிழருக்குப் புதிதன்று. மதுரை மல்லியை நாம் விடியலில் மொட்டாகவே பறிக்கிறோம். அது மலர்வது மாலையில், தொடுத்த சரத்தில், கூந்தலிலும் சாமி படத்திலும். மல்லி செடியில் மலர்வதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? செடியைவிட்டு வந்த பிறகு மலர்வது மல்லிக்கு இழிவு என்று யாரும் சொன்னதில்லை.

இனி மறுப்புகள். வெட்டினால் செடிக்குக் கேடு என்பது முதலாவது. கிழங்குச் செடிகளில் இது பெரும்பாலும் பொய்க்கணக்கு. ஸ்னோடிராப்பும் டாஃபடிலும் அடுத்த ஆண்டுப் பூவுக்கான சத்தைச் சேர்ப்பது இலைகளின் வழியே. பூ முடிந்த பிறகும் ஆறு வாரமாவது இலையை வெட்டாமல், முடிச்சுப் போடாமல் விட்டுவைக்க வேண்டும் என்று தோட்டக்கலையாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான். பூவை எடுப்பதால் கிழங்கு இளைப்பதில்லை. விதை கட்டச் செலவாகும் சத்து மிச்சமாகிறது. வாடிய டாஃபடில் தலைகளைக் கிள்ளிப் போடச் சொல்வதும் அதே காரணத்தால். புதர்களில் கிளை வெட்டுவது, எப்படியும் செய்ய வேண்டிய கவாத்தில் ஒரு பகுதி. டூலிப் மட்டும் விலக்கு. அதன் இலைகள் பூத்தண்டிலேயே இருப்பதால், நீளத் தண்டோடு வெட்டினால் இலையும் போய்விடும். அடுத்த ஆண்டு அந்தக் கிழங்கிடம் பூவை எதிர்பார்க்க முடியாது. டூலிப்பை வெட்டுவதற்கென்றே ஆண்டுதோறும் தனிப் பாத்தியில் நடுபவர்கள் இந்த நட்டத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்கள். மற்றவர்கள் அதைச் செடியில் விடுவதே சரி. ஏப்ரல், மே மாதத்து டூலிப் நிமிர்ந்து நிற்கிறது, பெரியதாக இருக்கிறது, அதைப் பார்க்க மனிதரும் வெளியே வந்துவிடுகிறார். வெட்டுவதற்கான காரணங்களே அங்கே தீர்ந்துவிடுகின்றன.

இரண்டாவது மறுப்பு வலுவானது. குளிரில், செடியில், ஸ்னோடிராப் வாரக்கணக்கில் நிற்கும். வீட்டுக்குள் ஐந்தாறு நாள் தாக்குப்பிடித்தால் அதிகம். மூன்று வார ஆயுளை ஒரு வாரத்துக்கும் குறைவாகச் சுருக்குவது அடுக்குமா? இந்தச் செலவு உண்மையானது, மறைக்க வேண்டியதில்லை. இரவில் குவளையைச் சூடில்லாத முன்வாசல் அறையில் வைத்தால் இரண்டொரு நாள் கூடும், அவ்வளவே. ஆனால் அந்த மூன்று வாரம் யாருடைய கணக்கில் சேருகிறது என்று கேட்க வேண்டும். பூவின் கணக்கில் அது மகரந்தச் சேர்க்கைக்கான காத்திருப்பு. மனிதரின் கணக்கில், மூடிய பூவைச் சன்னல் வழியே தொலைவிலிருந்து பார்த்த சில நிமிடங்கள். வெட்டுகிறவர் பூவின் காலத்தைக் குறைத்துத் தம் பார்வைக் காலத்தைக் கூட்டிக்கொள்கிறார். பாத்தி முழுவதற்கும் இதைச் செய்தால் அது பேராசை. ஐந்து தண்டுக்குச் செய்தால் நியாயமான பேரம். ஜப்பானியத் தேநீர் மரபில் ஒரு கதை வழங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர்க் குரு சென் நோ ரிக்யூவின் தோட்டத்தில் அசகாவோ என்னும் கோடைப் பூக்கள் அருமையாகப் பூத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆட்சியாளர் ஹிதேயோஷி பார்க்க வருகிறார். தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை. எல்லாம் அகற்றப்பட்டிருக்கிறது. கோபத்தோடு தேநீர் அறைக்குள் நுழைந்தால் அங்கே ஒரே ஒரு பூ இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்க்கவைக்க ரிக்யூ ஒரு தோட்டத்தையே அழிக்க வேண்டியிருந்தது. பிப்ரவரித் தோட்டக்காரருக்கு அந்தப் பாவம் தேவையில்லை. குறைவு அவருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கதைக்குச் சொந்தமான கோடைப் பூவில்தான் ஒன்றைப் பார்க்க மற்றவை தடை.

மூன்றாவது மறுப்பு தேனீக்களுடையது. இதற்குத்தான் பாதி வழிவிட வேண்டும். குளிர் முழுக்க மண்ணுக்குள் தனியாக உறங்கிய பம்பிள்பீ ராணிகள் பிப்ரவரி, மார்ச்சில் வெளியே வருகின்றன. கூடு கட்டவும் முதல் ஈட்டுப் புழுக்களை வளர்க்கவும் அவற்றுக்கு உடனடியாகத் தேனும் மகரந்தமும் வேண்டும். அப்போது பூத்திருப்பவை சிலவே. ஜூனில் நூறு ரோஜா வெட்டினாலும் தேனீக்கு நட்டம் தெரியாது. பிப்ரவரியில் ஒரு திட்டுக் குரோக்கஸைக் காலி செய்தால் தெரியும். எனவே எதை வெட்டுவது என்ற தெரிவு வேண்டும். குரோக்கஸைத் தொட வேண்டாம். குவளையில் அது எப்படியும் நிலைக்காது. வில்லோ மரத்தின் பூங்கொத்தும் லங்வோர்ட்டும் தேனீக்கே இருக்கட்டும். ஃபோர்சித்தியாவில் தேனீக்குக் கிடைப்பது மிகக் குறைவு, தாராளமாக வெட்டலாம். அடுக்கு ஸ்னோடிராப் விதை கட்டாது. இதழ் நெரிசலில் பூச்சிக்கும் அதில் நுழைவது பாடு. பெரிய கலப்பின டாஃபடில்களைத் தேனீக்கள் அதிகம் நாடுவதில்லை. ஹேசல் மரத்தின் தொங்கு பூச்சரங்கள் காற்றை நம்புபவை. ஒவ்வொரு சரமும் லட்சக்கணக்கில் மகரந்தத்தை வீசும், நான்கு குச்சி குறைந்தால் மரத்துக்குத் தெரியாது. வீட்டுக்குள் வைத்தால் சரம் நீண்டு தொங்கி, மேசையில் மெல்லிய மஞ்சள் தூளைக் கொட்டும். துடைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஹெல்லிபோரில் விதைப்பை கட்டத் தொடங்கிய பூவை எடுத்தால் தேனீயின் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். குவளையில் நீடிப்பதும் அந்த முதிர்ந்த பூதான். அங்கே தேனீயின் நலனும் வெட்டுபவரின் நலனும் ஒன்றாகிவிடுகின்றன.

நான்காவது மறுப்பு அங்காடியிலிருந்து வருகிறது. ஒரு கோப்பைக் காப்பியின் விலைக்கும் குறைவாக ஒரு கட்டு டாஃபடில் கிடைக்கும்போது தோட்டத்தில் ஏன் கைவைக்க வேண்டும்? டாஃபடில் சாகுபடியில் உலகிலேயே முன்னணியில் இருப்பது பிரிட்டன். கார்ன்வாலிலும் லிங்கன்ஷயரிலும் வயல் வயலாகப் பயிராகிறது. கார்ன்வாலுக்கு மேற்கே கடலில் இருக்கும் சில்லித் தீவுகளில் இந்த வணிகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொப்பி வைக்கும் பெட்டி ஒன்றில் பூவை அடைத்து லண்டன் கோவன்ட் கார்டன் சந்தைக்கு அனுப்பியதில் தொடங்கியது என்று சொல்வார்கள். பூ நல்ல பூதான். இறக்குமதிப் பூவைக் கரியமிலக் கணக்கைக் காட்டித் தாழ்த்தும் சுலபமான வாதமும் இருக்கிறது. அதை நம்பி இறங்க முடியாது. 2007இல் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் கணக்கிட்டபோது, விமானத்தில் வந்த கென்ய ரோஜாவைவிட, சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்த டச்சு ரோஜா பல மடங்கு அதிகமாகக் கரியமில வாயுவை வெளியேற்றியது தெரிந்தது. தொலைவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பதே அதன் பாடம். கடைப் பூவிடம் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பென்சில் போல இறுகிய பச்சை மொட்டாக அது வயலில் அறுக்கப்படுகிறது. எல்லாத் தண்டும் ஒரே நீளம், ஒரே பருவம். ஜனவரியில் டூலிப், பிப்ரவரி 14க்கு ரோஜா என்று அது நாட்காட்டியின் பண்டிகையைச் சொல்லும். வாங்கியவர் வீட்டுச் சுவருக்கு அப்பால் இந்த வாரம் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது. ஸ்னோடிராப்பையும் ஹேசல் சரத்தையும் அல்ஜீரிய ஐரிஸையும் பேரங்காடியின் பூ வாளியில் தேடிப் பயனில்லை. பயணத்தையும் அடுக்கலையும் தாங்கும் பூதான் அங்கே இடம்பெறும். தாங்காதவை வெட்டுகிறவரின் தோட்டத்தில் மட்டுமே இருக்கின்றன.

ஐந்தாவது மறுப்பை ஆங்கில நாட்டுப்புறமே எழுப்புகிறது. ஒற்றை ஸ்னோடிராப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்ற நம்பிக்கை பல மாவட்டங்களில் இருந்தது. கல்லறைத் தோட்டங்களில் கூட்டமாகப் பூப்பதும், பிணப்போர்வையை நினைவூட்டும் வெண்மையும், மண்ணை ஒட்டிய தாழ்வும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவை. டாஃபடிலும் பிரிம்ரோஸும் வேறு கணக்கில் வந்தன: பருவத்தின் முதல் கொத்தில் எத்தனை பூ இருக்கிறதோ அத்தனை குஞ்சுதான் அந்த ஆண்டு அடையில் பொரியும், எனவே ஒற்றைப் பூவோடு வாசலில் நுழையாதே என்று கோழியும் வாத்தும் வளர்த்த வீடுகளில் அதட்டினார்கள். இந்த நம்பிக்கைகள் வெட்டுவதற்கு எதிரான சாட்சியம் போலத் தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால் எதிர்ப்பக்கச் சாட்சியமாகிவிடும். யாரும் செய்யாத காரியத்துக்கு யாரும் தடை போடுவதில்லை. குழந்தைகள் முதல் பூவைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடிவரும் வீடுகளில்தான் எத்தனை பூ என்ற கேள்வியே எழும். பிப்ரவரி 2ஆம் தேதி மெழுகுதிரித் திருநாளோடு ஸ்னோடிராப்பைச் சேர்த்து வைத்திருந்ததும் அதே மக்கள்தான். முன்வசந்தத்தின் ஒவ்வொரு பூவும் எண்ணப்பட்டது என்பதையே இவையெல்லாம் காட்டுகின்றன. கோடைப் பூக்களில் ஹாதார்ன் போன்ற சிலவற்றுக்கு விலக்கு இருந்தது. ஆனால் எண்ணிக்கை கேட்டதாகத் தெரியவில்லை.

வெட்டுவது என்று முடிவான பின் செய்முறையிலும் கோடைப் பழக்கம் உதவாது. பெரிய ஜாடியும் நீண்ட தண்டும் நிறைந்த கொத்தும் கோடைக்குரியவை. நல்ல பூக்குவளை கடையில் கிடைக்கவில்லை என்று அலுத்துப்போன தோட்டக் கலைஞர் கெர்ட்ரூட் ஜீக்கில், எளிய கண்ணாடிக் குவளைகளைத் தாமே வடிவமைத்தார். 'மன்ஸ்டெட்' கண்ணாடி என்ற பெயரில் அவை குறைந்த விலையில் விற்றன. வீட்டில் பூ வைப்பது பற்றி 1907இல் தனி நூலே எழுதினார். அடுத்த தலைமுறையில் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை கேல் கீரை இலையையும் வேலியோரச் செடியையும் பூக்களோடு சேர்த்து வைத்து, மலிவானது குவளைக்கு ஆகாது என்ற எண்ணத்தை உடைத்தார். 1953இல் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்தவரும் அவரே. பிப்ரவரிக்கு வேண்டியவை இன்னும் சிறியவை: முட்டைக் கிண்ணம், மைக்கூடு, விரல் நுழையாத வாயுள்ள சீசா. ஹெல்லிபோர் இளம் பூவாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். தண்டின் நுனியைக் கொதிநீரில் அரை நிமிடம் பிடித்து, பிறகு ஆழமான குளிர்நீரில் கழுத்துவரை நிறுத்தினால் தேறும். இல்லாவிட்டால் தலையை மட்டும் கிள்ளி, அகலத் தட்டில் நீர் ஊற்றி மிதக்கவிடலாம். செம்புள்ளிகள் அப்போதுதான் முழுதாகத் தெரியும். டாஃபடில் வெட்டுவாயிலிருந்து வழுவழுப்பான சாறு கசியும். அது கூட இருக்கும் டூலிப்பை வாட்டிவிடும். பறிப்பவர் கையில் தோல் அரிப்பையும் உண்டாக்கும். சில மணி நேரம் தனி நீரில் நிறுத்திச் சாறு வடிந்த பிறகு, தண்டை மறுபடி நறுக்காமல் மற்றவற்றோடு சேர்க்கலாம். சேர்க்காமல் தனியாகவே வைத்தால் இன்னும் நல்லது. இந்தப் பருவத்துப் பூக்கள் ஒன்றையொன்று தூக்கிக் கொடுப்பதில்லை. தனித்தனியாகப் பார்க்கவே ஏற்றவை.

ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தால் ஆகாதா என்பது கடைசிக் கேள்வி. ஆகும். ஆனால் அப்படிப் போகிறவர் யார் என்று பாருங்கள். வெட்ட ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவர்தான் தூறலிலும் வேலியோரம் குனிந்து நடக்கிறார். நார்ஃபோக்கில் நிலக்கிழாராக இருந்த ராபர்ட் மார்ஷம் 1736 முதல் ஸ்னோடிராப் என்று பூத்தது, முதல் இலை என்று விட்டது, தவளை என்று கத்தியது என்றெல்லாம் குறித்து வைத்தார். அவர் குடும்பம் அந்தக் குறிப்பை 1958வரை தொடர்ந்தது. இத்தகைய பழைய பதிவுகள் லட்சக்கணக்கில் இருந்ததால்தான், 1987க்கும் 2019க்கும் இடையில் பிரிட்டனில் செடிகளின் முதல் பூப்பு, அதற்கு முந்தைய காலத்தைவிடச் சராசரியாக ஒரு மாதம் முந்திவிட்டது என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022இல் சொல்ல முடிந்தது. குவளை வைத்திருக்கும் எல்லோரும் மார்ஷம் ஆகிவிட மாட்டார்கள். ஆயினும் சென்ற ஆண்டு இந்தச் சீசாவில் பூ எப்போது ஏறியது என்ற நினைவு அவர்களிடம் இருக்கும். சன்னலோடு நின்றுவிட்டவரிடம் இருக்காது. இதற்குப் பெரிய தோட்டமும் தேவையில்லை. வாசற்படியோரத் தொட்டியில் அக்டோபரில் புதைத்த இருபது கிழங்குகளில் ஐந்து தண்டு எடுக்கலாம்.

பிப்ரவரியில் கை தயங்குகிறது, ஜூனில் தயங்குவதில்லை என்பதை வைத்தே கோடையில் வெட்டலாம், முன்வசந்தத்தில் கூடாது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். தயக்கத்தை நாம் வேறுவிதமாகப் படிக்கலாம். ஆறு பூ இருக்கும் இடத்தில் இரண்டை எடுக்க வேண்டுமானால், ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும்: எது முதிர்ந்தது, எது நாளை விரியும், எது தேனீக்கு வேண்டும், எதை எடுத்தால் திட்டு மொட்டையாகத் தெரியாது. அறுபது ரோஜாவில் ஆறை வெட்டும்போது இந்தக் கேள்வி ஒன்றுகூட எழுவதில்லை. ஆகவே தயக்கம் தடையில்லை, அதுவே கவனம். அதை மனச்சாட்சி என்று எண்ணி வீட்டுக்குத் திரும்பிவிட்டால், அந்த ஆண்டின் மிக நுட்பமான பூக்கள் யாரும் பார்க்காமலே விதையாகிவிடும். தயங்கித் தயங்கி வெட்டுவோம். தயங்காமல் வெட்ட முடிகிற காலம் வந்ததும் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு, நாற்காலியை வெளியே எடுத்துப் போடலாம்.